சிறு துவாரச் சத்திரசிகிச்சை: வலியை மறைக்க வேண்டாம்

"வயிற்றை வெட்டாமல் மூன்று நான்கு துவாரம் போட்டுத்தானே செய்தார்கள், பிறகென்ன நோவு?" வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும், கருப்பைச் சத்திரசிகிச்சை முடித்து வீடு திரும்பும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரும் பெரும்பாலும் இன்னொரு பெண்தான்.

லப்பரஸ்கோப்பி எனப்படும் இம்முறையில், ஒரு சென்ரிமீற்றர் அளவான துவாரத்தினூடாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். சூலகக் கட்டி, நார்க்கட்டி மட்டுமன்றி முழுக் கருப்பையையும் இவ்வாறு அகற்றலாம். 1988 இல் அமெரிக்காவில் ஹரி றைச் என்ற வைத்தியர் இதனை முதன்முதலில் செய்தார். வயிற்றைத் திறந்தால் ஆறு வாரம் வரை தேவைப்படும் ஓய்வு, இதில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரமாகக் குறைகிறது. காயத்தில் கிருமி தொற்றுவதும் குறைவு.

எனினும் இது எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் காயப்படும் வாய்ப்பு இதில் சற்றுக் கூட. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இம்முறையைவிட வயிற்றைத் திறந்து செய்வதே உயிருக்குப் பாதுகாப்பு என்பதை 2018 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. சிலருக்கு யோனி வழியாகவே கருப்பையை எடுத்துவிடலாம். "எனக்கு ஏன் இந்த முறை?" என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

இனி வலி. வெளிக்காயம் சிறிதானாலும் உள்ளே வெட்டித் தைத்தது சிறிதல்ல. பலரைப் பயமுறுத்துவது தோள்மூட்டு வலி. வயிற்றை விரிக்க நிரப்பும் காபனீரொட்சைட்டு வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அதற்குரிய நரம்பு கழுத்திலிருந்து வருவதால் நோவு தோளில் தெரிகிறது. எழுந்து நடமாட, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மூச்சுமுட்டலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்து வந்தால் அது வேறு விடயம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பனடோலை "தாங்க முடியாதபோது" போடுவது எமது பழக்கம். முதல் சில நாட்களுக்கு வைத்தியர் குறித்த நேரப்படி போடுவதே பலன் தரும். வலி முற்றிய பின் அடக்குவது கடினம். வலியில்லாதவர் ஆழமாக மூச்செடுப்பார், இருமுவார், நடப்பார். சளி கட்டுவதும் காலில் இரத்தம் உறைவதும் குறையும். டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகள் தந்தால், குடற்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிங்களம் சரளமாக வராததால் வார்ட்டில் வாய்மூடிக் கிடக்கும் சகோதரிகளும் உள்ளனர். "ரிதெனவா" என்ற ஒரு சொல் போதும். பத்துக்கு எத்தனை என்று விரலால் காட்டினாலும் தாதிக்கு விளங்கும்.

இவ்வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு ஊதுதல், சிறுநீர் போகாமை, அதிக இரத்தப்போக்கு இருந்தாலோ மாத்திரையால் மூடிவைக்காதீர்கள். இரவானாலும் திரும்பிச் செல்லுங்கள். குடலில் ஏற்பட்ட சிறு காயம் சில நாள் கழித்தே தெரியவரலாம்.

வீட்டாருக்கும் ஒன்று. மாடிப்படி மெதுவாக ஏறலாம். தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை ஆகியவற்றை வைத்தியர் சொல்லும்வரை மற்றவர்கள் தூக்கட்டும்.