மருந்தும் காணியும்: டொக்டர் இராஜசுந்தரத்தின் வன்னி

வன்னி என்றால் காய்ச்சல் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. வயல் செய்ய நிலம் உண்டு, குளம் உண்டு. ஆனால் போனவர் நடுக்கத்தோடு திரும்பி வருவார். 1881இல் டொக்டர் கின்சி பறங்கி என்ற தொற்றுநோயைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1895இல் ஜே.பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கான கைநூலை வெளியிட்டார். உடைந்த குளங்களும் ஆளில்லாத ஊர்களும் நோயும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வன்னி அது.

டிடிடி பூச்சிகொல்லி வந்தபின் அந்தக் காய்ச்சலான மலேரியா ஒழிந்துவிட்டதாகவே நாடு நம்பியது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் அது கண்டது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் அந்தத் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இப்படிக் காய்ச்சல் திரும்பிவந்த வன்னிக்குத்தான் எழுபதுகளில் மலையகத்து மக்கள் வந்து சேர்ந்தார்கள்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. 1977 ஆகஸ்டில் இனக்கலவரம். லயத்தையும் வேலையையும் விட்டு, பிள்ளைகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தார்கள். மலேரியா அதிகம் இல்லாத குளிர் மலையில் வளர்ந்த உடம்புக்கு இந்தக் காட்டுக் காய்ச்சல் பழக்கமில்லை. கையில் காசில்லை, பெயரில் காணியில்லை, பலருக்கு நாடே இல்லை.

அந்த வவுனியாவில் மருத்துவராக இருந்தவர் டொக்டர் எஸ். இராஜசுந்தரம். மருந்தெழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டால் அவருடைய கடமை முடிந்திருக்கும். அவர் அதோடு நிற்கவில்லை. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டோடு சேர்ந்து காந்தியம் என்ற அமைப்பைக் கட்டியெழுப்பினார். அகதியாக வந்த குடும்பங்களைக் காடு வெட்டிய நிலங்களில் குடியேற்றுவது, பயிர் செய்யப் பழக்குவது, பாலர் பள்ளி நடத்துவது, குழந்தைகளுக்குச் சத்துணவு கொடுப்பது, சுகாதாரம் கவனிப்பது: இவைதான் காந்தியத்தின் வேலைகள்.

இந்தப் பட்டியலில் மருத்துவம் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். எல்லாமே மருத்துவம்தான். சாப்பாடில்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து எத்தனை நாளைக்கு நிற்கும்? ஓலைக் கொட்டிலில் நுளம்புக்கடியில் படுப்பவருக்கு இன்று காய்ச்சல் விட்டால் அடுத்த மாதம் திரும்பப் பிடிக்கும். நாளைக்கு யாராவது எழுப்பிக் கலைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கும் குடும்பம் நிரந்தரக் கிணறு வெட்டுமா, மலசலகூடம் கட்டுமா? நோயாளியின் நாடியைப் பிடித்த கை அவருடைய காணியையும் அடுப்பையும் சேர்த்துப் பிடித்தது. சமுதாய மருத்துவம் என்று பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படுவதன் உயிர் இதுதான்.

அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது சிறை. 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைது செய்யப்பட்டார்கள். அதே வருடம் ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரம் ஒருவர். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உயிர் தப்பிய டேவிட் நீண்ட காலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி, அதே ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் தொண்ணூறு வயது கடந்து காலமானார். நண்பருக்குக் கிடைத்த முதுமை டொக்டருக்குக் கிடைத்திருந்தால் வன்னி எத்தனை தலைமுறைக்கு அவரிடம் வைத்தியம் பார்த்திருக்கும்!

அவருக்குப் பின் வன்னி இன்னும் கடுமையான காலத்தைக் கண்டது. தொண்ணூறுகளின் யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பாடு. நோயாளியைச் சைக்கிள் கரியரிலும் மாட்டு வண்டிலிலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்துச் சனமும் வந்து மரங்களின் கீழ் குடியிருந்தது. மலேரியா அவர்களையும் பிடித்தது. யுத்தத்தின் இறுதியில், 2009இல், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம் மாறிக்கொண்டேயிருக்க, டொக்டர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் சனத்தோடு கடைசி நாட்கள் வரை நின்றார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களும் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

இன்றைய வன்னியில் மலேரியா இல்லை. உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. யுத்தத்துக்குள்ளும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்கள், கொட்டில் கொட்டிலாக மருந்தடித்தவர்கள், நுளம்பு வலை கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் சேர்ந்து தந்த வெற்றி அது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. 2018இலிருந்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வடக்கிலும் அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. மாட்டு வண்டிலில் பிரசவ வலியோடு போன தாய்மாரின் பேத்திகள் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் மாதாமாதம் பார்க்கப்படுகிறார்கள். இது சாதாரண மாற்றமல்ல.

நோய்கள் மட்டும் உருமாறியிருக்கின்றன. வவுனியாவின் விவசாயக் கிராமங்களில் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய். எங்கும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். வயலில் புடையன் பாம்புக் கடியும் எலிக்காய்ச்சலும். யுத்தத்தில் கையோ காலோ இழந்தவர்கள், உடம்புக்குள் குண்டுச் சிதறலைச் சுமப்பவர்கள், காணாமல் போன பிள்ளையை நினைத்து உறக்கம் இழந்த தாய்மார். இவை ஒரு வாரத்துக் குளிசையில் தீருபவை அல்ல. ஒரே வைத்தியர் வருடக்கணக்கில் கூட இருந்து, வீட்டு நிலைமையும் தெரிந்து பார்க்க வேண்டியவை.

அங்கேதான் இன்றைய குறை இருக்கிறது. கிளினிக் கொப்பி ஒன்றுதான். அதைப் பார்க்கும் டொக்டர் அடிக்கடி மாறுகிறார். வன்னியில் நியமனம் என்றால் இடமாற்றம் வரும்வரை நாளை எண்ணும் இடம் என்று ஆகிவிட்டது. அந்த இளம் வைத்தியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. தங்க ஒழுங்கான விடுதியும் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் மேற்படிப்புக்கு வழியும் இல்லாத இடத்தில் யாரை எப்படி நிறுத்தி வைப்பது? அந்த வசதிகளை உண்டாக்குவது மாகாண சபையினதும் சுகாதார அமைச்சினதும் பொறுப்பு.

நாங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வன்னியில் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அந்தக் காணிப் பிரச்சினையைத் தீர்ப்பது, குடிக்க நல்ல தண்ணீர் கொடுப்பது, அந்த வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையையாவது மருத்துவபீடத்துக்கு அனுப்புவது: இராஜசுந்தரம் டொக்டரை நேசிப்பவர்கள் அவருக்குச் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி இது. சிலை பிறகு வைக்கலாம். அவர் விட்ட வேலையை முதலில் முடிப்போம்.