குளிரின் கணக்கு – 11: பெல்டியர் தகட்டில் எழுதியிருப்பதும் அது தருவதும்

வெள்ளைப் பீங்கான் மேற்பரப்பில் டிஈசி1-12706 என்று அச்சிட்ட தகடு 40 மில்லிமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்டது. தடிப்பு 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சிவப்பு, கறுப்பு என இரண்டு வயர்கள் அதிலிருந்து நீளும். நேரோட்ட மின்சாரம் கொடுத்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். வயர்களை மாற்றிக் கொடுத்தால் முகங்களும் இடம் மாறும். சிறிய பயணக் குளிர்பெட்டிகள், மேசைமேல் வைக்கும் தண்ணீர்க் குளிரூட்டிகள் ஆகியவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தத் தகடோ இதன் உறவினமோதான்.

பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. ‘1’ என்பது ஒற்றை அடுக்கு. அடுத்த மூன்று இலக்கங்கள், 127, உள்ளே எத்தனை சோடிகள் என்பதைச் சொல்கின்றன. கடைசி இரண்டு, 06, மின்னோட்டத்தின் உச்ச எல்லையைச் சுமாராக அம்பியரில் தருகின்றன. ஒவ்வொரு சோடியிலும் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தியின் இரண்டு சிறு துண்டுகள், ஒன்று ‘பி’ வகை, மற்றது ‘என்’ வகை. ஆக 254 துண்டுகள், மின்சாரத்துக்குத் தொடராகவும் வெப்பத்துக்குச் சமாந்தரமாகவும், இரண்டு பீங்கான் வில்லைகளுக்கு இடையே ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கின்றன.

இந்த விளைவை 1834இல் கண்டவர் பாரிஸ் நகரின் ஜான் சார்ல்ஸ் பெல்டியர். கடிகாரத் தொழிலில் இருந்து இயற்பியலுக்கு வந்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1838இல், லென்ஸ் என்ற இயற்பியலாளர் பிஸ்மத்தும் அன்டிமனியும் கூடும் இடத்தில் ஒரு துளி நீரை வைத்து, மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்தி அதை உறைய வைத்தார்; திசையை மாற்றி உருக வைத்தார். ஆனால் உலோகங்களில் விளைவு மிகச் சிறியது. 1954இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் பிஸ்மத் டெலுரைடைக் கொண்டு செய்த சோதனைக்குப் பிறகே இது பயன்படும் கருவியாயிற்று. எழுபது ஆண்டுகள் கடந்தும், அறை வெப்பநிலையை ஒட்டிய வேலைக்குக் கடையில் கிடைக்கும் தகடுகளில் இன்றும் அதே பொருள்தான்.

தகட்டோடு வரும் விவரத்தாளில் நான்கு உச்ச எண்கள் இருக்கும். 12706க்குப் பரவலாக அச்சிடப்படும் தாளில், சூடான முகம் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது, அகற்றக்கூடிய உச்ச வெப்பம் 50 வாட். இரு முகங்களுக்கும் இடையிலான உச்ச வெப்பநிலை வித்தியாசம் 66 பாகை. உச்ச மின்னோட்டம் 6.4 அம்பியர், உச்ச வோல்ட் 14.4. சூடான முகம் 50 பாகையில் என்றால் இவற்றில் முதலிரண்டும் 57 வாட், 75 பாகை என உயரும்.

பெரும்பாலான தவறுகள் இந்த வரிசையைப் படிக்கும்போதே பிறக்கின்றன. 50 வாட்டும் கிடைக்கும், 66 பாகையும் கிடைக்கும் என்று படிப்பது முதல் தவறு. கிணற்றில் இறக்கும் நீர்ப்பம்பியின் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதில் உச்ச உயரம் என்று ஒரு எண்ணும் நிமிடத்துக்கு உச்ச லீற்றர் என்று ஒரு எண்ணும் இருக்கும். உச்ச உயரத்துக்குத் தூக்கும்போது குழாய் வாயில் சொட்டு நீரும் வராது. உச்ச லீற்றர் வருவது உயரமே இல்லாதபோதுதான். பெல்டியர் தகடும் அப்படியே. 50 வாட் கிடைப்பது இரு முகங்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கையில். 66 பாகை கிடைப்பது குளிர் முகத்தில் சுமையே இல்லாதபோது. வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவே. உச்ச மின்னோட்டத்தில் ஓடும்போது ஒன்று கூடக் கூட மற்றது நேர்கோட்டில் குறையும்.

உள்ளே நடப்பது மூன்று வெப்பங்களின் கொடுக்கல்வாங்கல். மின்னோட்டம் குளிர் முகத்திலிருந்து வெப்பத்தைத் தூக்கிச் செல்கிறது. இது மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். அதே மின்னோட்டம் துண்டுகளின் தடையில் சூட்டையும் உண்டாக்குகிறது. அது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், அதில் பாதி குளிர் முகத்துக்கே திரும்பி வருகிறது. மூன்றாவது, சூடான முகத்திலிருந்து குளிர் முகத்துக்குத் துண்டுகளின் வழியே கசிந்து வரும் வெப்பம். இது வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதே குளிர். விவரத்தாளின் எண்களிலிருந்தே இந்த மூன்றுக்குமான கெழுக்களைப் பெறலாம். 12706க்கு அவை, ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 0.048 வோல்ட்; தடை ஏறத்தாழ 2 ஓம்; கசிவு பாகைக்கு 0.54 வாட்.

இனி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே எழுவன்குளம் போகும் வீதியில் உள்ள வண்ணாத்திவில்லில் பகல் வெப்பநிலை 32 பாகை என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு வீட்டில் இன்சுலின் வைக்க 15 லீற்றர் பெட்டி ஒன்று வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு உரிய இடம் 2 முதல் 8 பாகை வரை. பெட்டிக்குள் 5 பாகை வைப்பது பாதுகாப்பானது. சுவர் 5 சென்றிமீற்றர் தடிப்புள்ள ரெஜிபோம். உள்ளும் வெளியும் 27 பாகை வித்தியாசம் இருக்கும்போது அந்தச் சுவர்களின் வழியே உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ 9 வாட். தகடு தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை இவ்வளவே. 50 வாட் தகட்டுக்கு 9 வாட் ஒரு பொருட்டா என்று தோன்றும்.

தோன்றுவது தவறு. பெட்டிக்குள் 5 பாகை வேண்டுமானால் குளிர் முகம் 2 பாகை அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலிருந்து வெப்பம் முகத்துக்கு வராது. வெளியே, சூடான முகத்தில் ஒட்டிய அலுமினியச் செட்டைக்கும் மின்விசிறிக்கும் ஒரு எண் உண்டு: ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற அது சுற்றுக்காற்றைவிட எத்தனை பாகை சூடாக வேண்டும் என்பது. கணினியில் வரும் சுமாரான செட்டையும் விசிறியும் சேர்ந்து வாட்டுக்கு 0.3 பாகை என்று எடுத்துக்கொள்ளலாம். செட்டைக்குப் போவது பெட்டியின் 9 வாட் மட்டுமல்ல, தகடு குடிக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி அதன் தலையில்தான் வந்து விழுகிறது.

3 அம்பியரில் ஓட்டிப் பார்க்கலாம். மின்னோட்டம் தூக்கும் வெப்பம் 40 வாட். தடைச்சூட்டின் பாதி 9 வாட் திரும்புகிறது. செட்டை 42 பாகைக்கு ஏறுவதால் வித்தியாசம் 40 பாகை, கசிவு 22 வாட். மிச்சம் 9 வாட். செலவான மின்சாரம் சுமார் 24 வாட். பெட்டி சரியாக நிற்கிறது, மிச்சசொச்சமின்றி.

இதே பெட்டியில், இதே செட்டையோடு, மின்னோட்டத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். 2 அம்பியரில் 4 வாட் குளிர், 11 வாட் செலவு. 3 அம்பியரில் 9 வாட் குளிர், 24 வாட் செலவு. 4 அம்பியரில் 12 வாட், செலவு 41. 5 அம்பியரில் 13 வாட், செலவு 63. தகட்டில் எழுதியிருக்கும் அந்த 6 அம்பியரில் 11 வாட் குளிர், 89 வாட் செலவு. ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போது குளிர் கூடவில்லை, குறைகிறது. காரணம் செட்டை. 6 அம்பியரில் அதன்மீது விழும் வெப்பம் 100 வாட்டைத் தொடுகிறது. அது 62 பாகைக்குச் சூடேறி, கசிவை ஒன்றரை மடங்காக்கிக் குளிர் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. சூடேறினால் தடையும் உயரும் என்பதைச் சேர்த்தால் நிலை இன்னும் மோசம். “குளிர் போதவில்லை, கரண்டைக் கூட்டு” என்று செய்பவர்களின் பெட்டி அதனால்தான் மேலும் சூடாகிறது.

செட்டையை மாற்றினால் என்ன? வாட்டுக்கு 0.15 பாகை தரும் நல்ல செட்டையைப் போட்டு அதே 3 அம்பியரில் ஓட்டினால், செட்டை 37 பாகையில் நிற்கும்; குளிர் 9 வாட்டிலிருந்து 12 வாட்டாகும். மின்சாரம் ஒரு வாட்கூடக் கூடுவதில்லை. காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுவே. இரண்டாவது தகட்டையோ பெரிய ‘12715’ஐயோ வாங்குவதற்கு முன், செட்டையும், அதற்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிதாகப் பூசும் வெப்பப் பசையும், இரு பக்கமும் சமமாக இறுக்கிய திருகாணிகளும்.

ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை வாட் வெப்பம் அகற்றப்படுகிறது என்ற விகிதத்தைத் தொழிலில் ‘சிஓபி’ என்பார்கள். 3 அம்பியரில் அது 0.39, 6 அம்பியரில் 0.13. 3 அம்பியரில் நிற்கும் 2, 42 பாகைகளுக்கு இடையே இயற்கை விதி அனுமதிக்கும் உச்சம் 6.9. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் 1இலிருந்து 2 வரை எட்டும். பிஸ்மத் டெலுரைடின் குறை இதில் தெரிகிறது: மின்சாரம் எளிதில் போக வேண்டும், வெப்பம் போகக் கூடாது, ஒரே பொருளில் இரண்டையும் பெறுவது கடினம்.

களப்போரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர் என்றால் ஐஸ். அதையும் இதே அளவுகோலால் அளக்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 9 வாட் என்பது நாளொன்றுக்கு 778 கிலோஜூல், அதாவது 2.3 கிலோ ஐஸ். பிடித்து வந்த 10 கிலோ இறாலை 30 பாகையிலிருந்து 2 பாகைக்குக் கொண்டுவர அகற்ற வேண்டியது ஏறத்தாழ 1,000 கிலோஜூல். 3 கிலோ ஐஸ் அதைச் செய்துவிடும், பொடித்துக் கலந்தால் விரைவாக. உபரியாக முழு 10 வாட் தரக்கூடிய பெல்டியர் பெட்டி ஒன்று அதைச் செய்ய 28 மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் இறால் கெட்டுவிடும். மீன் பிடிப்புக்கு இந்தப் பெட்டியை விற்பவர்கள் வாங்குபவருக்குத் தீங்கு செய்கிறார்கள். ஐஸ் சரிவராத இடத்தில்தான் பெல்டியருக்கு வேலை. இன்சுலின் உறையக் கூடாது. ஐஸோடு ஒட்டிக் கிடந்தால் அந்த ஆபத்து உண்டு. 5 பாகை என்று சொன்னால் 5 பாகையில் நிறுத்துவது தகட்டால் முடியும். பிசிஆர் இயந்திரங்கள் மாதிரிகளைச் சூடாக்கி, குளிர்வித்து, மீண்டும் சூடாக்குவதும் பெல்டியர் தகட்டால்தான். அங்கே மின்செலவு ஒரு பொருட்டல்ல, துல்லியமே முக்கியம்.

அந்தத் துல்லியத்தை அடையும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கொம்பிரசருக்குப் போல, குளிர்ந்ததும் நிறுத்தி, சூடானதும் ஓட்டும் தேர்மோஸ்டற் இதற்குப் பொருந்தாது. மின்சாரம் நின்ற கணமே தகடு ஒரு வெப்பப் பாலமாகிவிடும். 27 பாகை வித்தியாசத்தில், இருபுறச் செட்டைகளின் தடையையும் சேர்த்தே, அதன் வழியே திரும்பும் வெப்பம் சுமார் 11 வாட். பெட்டியின் ஆறு சுவர்களும் சேர்ந்து விடுவதைவிட அந்த 4 சென்றிமீற்றர் சதுரம் அதிகம் விடுகிறது. 6 அம்பியரைப் பாதி நேரம் கொடுத்துப் பாதி நேரம் நிறுத்தி, சராசரி 3 அம்பியராக்கும் துடிப்பு முறையும் நட்டமே; தடைச்சூடு வர்க்கத்தில் ஏறுவதால் அது இருமடங்காகும். வோல்ட்டைக் குறைத்துச் சீரான மின்னோட்டம் தரும் சுற்றுத்தான் சரி. இந்தப் பெட்டிக்கு அது 8 வோல்ட்டை ஒட்டியது. 12 வோல்ட் பற்றரியில் நேரே கொடுத்தால் 5 அம்பியர்வரை இழுக்கும், மேலே கண்ட 63 வாட் அங்கிருந்துதான் வருகிறது.

சூரிய மின்தகட்டில் ஓட்டுவோருக்கு இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். 3 அம்பியரில் விசிறிகளையும் சேர்த்து 30 வாட், நாளுக்கு 0.72 யூனிட், 100 வாட் தகடுகள் இரண்டும், இரவுக்கு 100 அம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்றும் ஏறத்தாழப் போதும். 6 அம்பியரில் 95 வாட், நாளுக்கு 2.28 யூனிட், தகடுகள் ஐந்தாறு, பற்றரி மூன்று. உள்ளே இருப்பது அதே இன்சுலின்.

கரையோரத்துக்கே உரிய இரண்டு எதிரிகள் மிச்சம். ஈரக்காற்று 2 பாகை முகத்தைத் தொட்டதும் நீர்த்துளியாகிறது. அது ஓரங்கள் வழியே உள்ளே புகுந்தால், உப்போடு சேர்ந்து ஈயப்பற்றை அரிக்கும். நான்கு ஓரங்களும் சிலிக்கனால் அடைத்த தகட்டையே வாங்க வேண்டும். அந்த ஈயப்பற்று, பிஸ்மத்-வெள்ளீயக் கலவையாயின், 138 பாகையில் உருகிவிடும். செட்டையின்றி “ஓடுதா பார்ப்போம்” என்று சில வினாடிகளுக்கு மேல் சோதித்தாலும், விசிறி நின்றுபோனாலும் தகடு போய்விடும்.

மற்றது தூசு. செம்மண் வீதியின் புழுதியும் உப்புக்காற்றும் சேர்ந்து செட்டையின் இடுக்குகளில் படியும். படிந்து, 0.3 என்ற எண் 0.5 ஆகிவிட்டால், அதே 3 அம்பியரில், அதே மின்செலவில், செட்டை 48 பாகைக்கு ஏறும். பெட்டிக்குள் 5 பாகை மெல்ல 8 பாகையாகும். அது இன்சுலினுக்கான மேல் எல்லை. விசிறியைக் கழற்றி ஒரு பழைய பல்துலக்கியால் செட்டையைத் துடைத்தால் மறுநாளே உள்ளே மீண்டும் 5 பாகை.