மார்புக்கு எம்ஆர்ஐ எழுதித் தந்தால்

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு எங்கே போவது என்பதுதான். கிருஷ்ணகிரிக்கா, ஓசூருக்கா, எல்லை தாண்டிக் குப்பத்து மருத்துவக் கல்லூரிக்கா, கோலாருக்கா, நேராகப் பெங்களூரு கிட்வாய் மருத்துவமனைக்கா? மூன்று மாநிலங்கள் நெருங்கி நிற்கும் இடம் என்பதால் வழிகளுக்குக் குறைவில்லை. போன இடத்தில் யாராவது “எதற்கும் ஒரு எம்ஆர்ஐ பார்த்துவிடலாம்” என்றால், பெரிய ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பி, நகையை அடகு வைத்தாவது எடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், உண்மையிலேயே தேவைப்பட்டு எழுதித் தந்த எம்ஆர்ஐயை, குகை மாதிரி இயந்திரத்துக்குள் போக வேண்டும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு அந்தப் பெண்ணுக்குத்தான்.

கட்டி தட்டுப்பட்டவருக்கு முதல் பரிசோதனை எம்ஆர்ஐ அல்ல. மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது முதலாவது. அடுத்து, இளம்பெண் என்றால் அல்ட்ராசவுண்ட்; நாற்பதைத் தாண்டியவர் என்றால் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும். சந்தேகம் வந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. புற்றுநோயா இல்லையா என்று முடிவாகச் சொல்வது அந்தச் சதைப் பரிசோதனை மட்டுமே. எம்ஆர்ஐ எவ்வளவு துல்லியமாகப் படம் காட்டினாலும் அது சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்; தீர்ப்புச் சொல்லாது. மேமோகிராமுக்குப் பதிலாகவும் அதை வைத்துக்கொள்ள முடியாது. பால் குழாய்களுக்குள் மணல்போல் படியும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் சில புற்றுநோய்களின் முதல் அறிகுறி. அவற்றை மேமோகிராம் காட்டும், எம்ஆர்ஐ காட்டாது.

தொட்டுப் பார்ப்பதை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பாதிப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, அந்தப் பெண்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. நம் பக்கமும் வீடு தேடி வரும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் உண்டு; அவர்களை அனுப்பும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்தப் பணியாளரிடம், “இங்கே ஏதோ கட்டி மாதிரி இருக்கிறதம்மா” என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவார். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணிப்பு சொல்கிறது. அதே ஆண்டில் இறந்தவர்கள் 98 ஆயிரம் பேருக்கு மேல். இவ்வளவு பேர் இறப்பதற்குப் பெரிய காரணம், நோயை நெடுநாள் வெளியே சொல்லாமல் இருந்துவிடுவது.

அப்படியானால் எம்ஆர்ஐ எதற்கு? அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தமும் வானொலி அலைகளும் சேர்ந்து உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனைப் படமாக்குகின்றன. மார்புக்கு எடுக்கும்போது, கையில் ஊசி வழியாக கேடோலினியம் என்ற மருந்தைச் செலுத்துகிறார்கள். புற்றுநோய் வளரத் தனக்கென்று புது ரத்தக் குழாய்களை அவசரமாகக் கட்டிக்கொள்ளும். அவசரத்தில் கட்டியவை என்பதால், பழைய சொட்டுநீர்க் குழாய்போல் அங்கங்கே கசியும். ஊசி மருந்து அந்த இடத்தில் ஓரிரு நிமிடத்தில் சட்டென்று ஏறிப் பளிச்சிடும், பிறகு வேகமாக வடிந்தும் போகும். அதனால்தான் ஊசிக்கு முன் ஒரு படம், ஊசிக்குப் பின் சில நிமிட இடைவெளியில் பல படங்கள் என்று எடுக்கிறார்கள். ஊசி இல்லாமல் எடுத்த மார்பு எம்ஆர்ஐ புற்றுநோயைத் தேட அநேகமாகப் பயன்படாது. சிலிக்கோன் உள்வைப்பு கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் ஊசி தேவையில்லை.

ஆனால் பளிச்சிடுவது எல்லாம் புற்றுநோய் அல்ல. ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டி பளிச்சிடும். மார்பில் வரும் காசநோய், சீழ், நாள்பட்ட அழற்சி, சமீபத்தில் பயாப்சி செய்த புண் எல்லாமே பளிச்சிடும். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய நாட்களில் நலமான மார்பே பளிச்சிடும். நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்புள்ள, 50 முதல் 75 வயது வரையான பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று வந்தபின், அடுத்த சுற்றுக்குள் வெளிப்பட்ட புற்றுநோய் ஆயிரம் பேருக்கு 5. எம்ஆர்ஐக்கும் அழைக்கப்பட்ட பிரிவில் அது 2.5. பாதியாகக் குறைந்தது பெரிய லாபம். அதே நேரம், எடுத்த ஆயிரம் எம்ஆர்ஐயில் ஏறத்தாழ 80 பேருக்குப் பொய்யான எச்சரிக்கை வந்தது. ஒன்றுமே இல்லாதவர்கள், முடிவு தெரியும்வரை தூக்கம் கெட்டுக் கிடந்திருப்பார்கள்.

ஆகவே உங்கள் மருத்துவர் எம்ஆர்ஐ எழுதினால், “இதில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் டாக்டர்?” என்று கேளுங்கள். நியாயமான பதில்கள் உண்டு. அக்குளில் புற்றுநோய் நெறி கட்டியிருக்கிறது, மார்பில் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் மூலத்தைக் காட்டவில்லை: எம்ஆர்ஐ தேவை. அறுவைக்கு முன் கீமோ கொடுக்கப் போகிறார்கள், கட்டி சுருங்குகிறதா என்று அளக்க வேண்டும்: தேவை. அந்த நிலையில், கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் பிறகு அறுவைக்கு இடம் தெரிய வேண்டும் என்பதால், கட்டிக்குள் சின்ன அடையாளக் கிளிப் வைப்பார்களா என்றும் கேளுங்கள். வழக்கமாக டைட்டானியத்தால் செய்யும் அந்தக் கிளிப்போடு எம்ஆர்ஐ எடுக்கலாம். லோபுலர் வகைப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல் பரவலாக ஊடுருவுவது. அதன் எல்லையைப் பார்க்க எம்ஆர்ஐ உதவும். பழைய அறுவைத் தழும்பா, நோய் திரும்பியதா என்று மற்றப் படங்களில் பிரிக்க முடியாதபோதும் உதவும்.

சிறிய கட்டி, பயாப்சியில் உறுதியானது, அல்ட்ராசவுண்டில் எல்லை தெளிவாகத் தெரிகிறது என்றால் வேறு கதை. இங்கிலாந்தில் 1,623 பெண்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறுபடி கத்தி வைக்க வேண்டி வந்தவர்கள் ஒரே அளவு, சுமார் 19 விழுக்காடு. எல்லாருக்கும் எம்ஆர்ஐ என்பது மருத்துவக் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு: நோய் இல்லாதவர்கள், ஆனால் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிழை உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. இவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30க்குப் பிறகு மேமோகிராமும் சேர்த்து என்பது பல நாடுகளில் நடைமுறை. வாழ்நாள் ஆபத்து 20 விழுக்காட்டைத் தாண்டுபவர்களுக்கு இதை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2007இலேயே பரிந்துரைத்தது. இளவயதில் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களும் இதில் அடக்கம். குடும்ப வரலாறு கேட்கும்போது நம்மவர்கள் அம்மா, பெரியம்மா, சின்னம்மாவோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்பா வழி அத்தைக்கு வந்ததும் அதே கனம் உடையது. கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பையில் வந்த புற்றுநோயும், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோயும் சொல்லப்பட வேண்டியவை. தாய்மாமனைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ள நம் பகுதியில் ஒரே ஆள் இரண்டு முறைகளில் உறவாக இருப்பார். எனவே உறவு முறையைச் சொல்வதோடு விடாமல், யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு, விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக வரும், பொய் எச்சரிக்கை குறையும். புற்றுநோய் ஏற்கெனவே உறுதியாகி, சிகிச்சை காத்திருக்கிறது என்றால் இதற்காகத் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு முன்னதாக ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கேடோலினியம் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளியிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாலூட்டும் தாய்க்குத் தடை இல்லை. தாய்ப்பாலில் கலப்பது மிகமிகக் குறைவு, குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுக்கலாம்.

காந்தத்தைப் பற்றிய எச்சரிக்கையைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரம் இயங்காதபோதும் காந்தம் விழித்தே இருக்கும். 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்ததும் காந்தம் இழுத்து அவர் உயிரே போயிற்று. உடன் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதில் காக்ளியர் கருவி இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். காப்பர் டி பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் சொல்லுங்கள். ஓசூர் சிப்காட்டிலும் சுற்றியுள்ள பட்டறைகளிலும் லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பறந்து விழுந்ததா? உள்ளே தங்கிய துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வை போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண் பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கழற்றி வெகுகாலமான மூக்குத்தித் திருகையும் இறுகிய மெட்டியையும் முந்தைய நாளே ஆசாரியிடம் தளர்த்திக்கொள்ளுங்கள். தாலிக்கொடியும் கம்பியில் கோத்த கருகமணியும் படம் எடுக்கும் இடத்திலேயே கிடப்பதால் கழற்றித்தான் ஆக வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போகலாம். உலோகம் இல்லாத எதையும் காந்தம் தொடாது. ஊக்கு, ஹேர்பின், ஜரிகைப் புடவை வேண்டாம்.

உள்ளே, முன்பக்கம் திறக்கும் மேலங்கி தருவார்கள். குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் உள்ள இரண்டு பள்ளங்களில் மார்பு தொங்கும். மேமோகிராம் போல அழுத்தமாட்டார்கள். அந்தப் பள்ளங்களைச் சுற்றி இருப்பதுதான் மார்புக்கென்றே செய்த, வானொலி அலைகளை வாங்கும் காயில். காசு கட்டுமுன், “மார்புக்கான தனிக் காயில் இருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். மூளைக்கும் முதுகுக்கும் எம்ஆர்ஐ எடுக்கும் எல்லா மையத்திலும் அது இருக்காது. அது இல்லாமல் எடுத்த படத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். தட்டும் சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு தருவார்கள். கையில் ஒரு பந்து கொடுப்பார்கள். தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், உடனே வருவார்கள். ஊசி ஏறும்போது கையில் குளிர்ச்சி தெரியலாம். அரிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள், அது அரிது.

அறிக்கையில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, சில மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்சி அவசியம். 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் உறுதியான நோய்க்குத் தரும் எண்; அதைப் பார்த்து நோய் உச்சத்துக்குப் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

எம்ஆர்ஐயில் மட்டும் தெரிந்த புதுப் புள்ளி வந்தால், அந்த இடத்தைக் குறிவைத்து மீண்டும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். அதில் தெரிந்தால் ஊசி போடுவது எளிது. தெரியாவிட்டால் எம்ஆர்ஐக்குள்ளேயே வைத்துச் சதை எடுக்க வேண்டும். அந்த வசதி பெருநகரங்களிலும் சில இடங்களில்தான் உண்டு. எனவே எடுக்கும் இடத்தில் அது இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள், நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை எல்லை தாண்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் எடுத்த மேமோகிராம் ஃபிலிம், பயாப்சி முடிவு, குறுந்தகடு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால், ஐந்து வருடமாக மாறாமல் இருக்கும் சாதுவான கட்டிக்கு இன்னொரு ஊசி குத்து மிச்சமாகும்.