வெள்ளிப் பின்னலுக்குள் ஓடும் பெட்ரோல்

வேகத்துக்காக மாற்றியமைத்த காரின் போனட்டைத் திறந்தால், வெள்ளியாய்ப் பளபளக்கும் எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட பெட்ரோல் டியூப்தான் முதலில் கண்ணில் படும். முனைகளில் சிவப்பும் நீலமுமாய் மின்னும் இணைப்புகள் வேறு. பந்தயக் காரின் தோரணை வந்துவிடும். ஆனால் பின்னலை வைத்து டியூபின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. அழுத்தத்தில் டியூப் உப்பாமலும், வெளியே உரசிக் கிழியாமலும் காப்பதுதான் அதன் வேலை. பெட்ரோலோடு மல்லுக்கட்டுவது உள்ளே இருக்கும் குழாய். அது ரப்பராக இருக்கலாம், டெஃப்லானாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

முதலில் கவனிக்க வேண்டியது அழுத்தம். பழைய கார்புரேட்டர் கார்களில் டியூபுக்குள் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் இருக்கும், டயரில் அடிக்கும் காற்றைவிட மிகக் குறைவு. இன்ஜெக்டர் வைத்த கார்களில் இது பொதுவாக 43 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறிவிடுகிறது. டர்போ பொருத்தினால், அது தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு ஈடாகப் பெட்ரோலின் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் கூட்டிக்கொண்டே போகும். டர்போ 20 பி.எஸ்.ஐ. தந்தால் டியூபில் 63.

ரப்பர் டியூபின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளுக்கு இங்கேதான் வேலை. ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7’ என்றிருந்தால் அது கார்புரேட்டர் காருக்கான ரகம்; 50 பி.எஸ்.ஐ.தான் அதன் எல்லை. ‘ஆர்9’ இன்ஜெக்டர் காருக்கானது, 100 வரை தாங்கும். கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டும் கறுப்பு, தடிமனும் ஏறக்குறைய ஒன்றே. விலை குறைவென்று ஆர்7 வாங்கி டர்போ காரில் மாட்டினால், சூடான இன்ஜின் மேலேயே பெட்ரோல் பீய்ச்சலாம்.

அடுத்தது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் அறிமுகமானது. எத்தனாலுக்குப் பொருந்தாத பழைய ரப்பர், நாளடைவில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். உதிரும் துணுக்குகள் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். 85 சதவீத எத்தனாலில் காரை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோலைவிட அதில் சக்தி குறைவு என்பதால் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக அனுப்ப வேண்டும்; அதற்கேற்ப டியூபின் விட்டமும் பெரிதாக வேண்டும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் அசையாதது டெஃப்லான். 1938 ஏப்ரலில், அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வகத்தில் குளிரூட்டி வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராய் பிளங்கெட்டின் கையில் தற்செயலாகச் சிக்கிய பொருள் இது. பெட்ரோல், எத்தனால், மெத்தனால் எதுவும் இதை அரிப்பதில்லை. ரப்பர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்லக் கசிவதால்தான் மூடிய கார் ஷெட்டில் வாடை அடிக்கிறது. டெஃப்லானில் அந்தக் கசிவு மிகக் குறைவு. ஆனால் வேகமாக ஓடும் பெட்ரோல் உள்ளே நிலைமின்சாரத்தைச் சேர்த்துவிடும். அது பொறியாய்ப் பாய்ந்து குழாயில் ஊசித்துளை போட்டுவிடலாம். அதனால் கார்பன் கலந்த கறுப்பு உள்குழாய் உள்ளதைத்தான் பெட்ரோலுக்கு வாங்க வேண்டும். வெறும் வெள்ளை ஆகாது.

டேங்கிலிருந்து இன்ஜின் வரை முழுக்க ஹோஸ் எனப்படும் இந்த வளையும் டியூபை ஓட்டத் தேவையில்லை. காரின் அடிப்பாகத்தில் நீளமாகச் செல்லும் பகுதிக்கு உலோகக் குழாயே நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, தெறிக்கும் கல்லையும் தாங்கும்; ஆனால் வளைப்பது சிரமம். அலுமினியம் லேசானது, கையாலேயே வளையும். அதிர்வில் நாள்பட விரிசல் விடும், மெத்தனால் அதை அரித்தும்விடும். செம்பு வேண்டவே வேண்டாம், அதிரஅதிர இறுகி முறிந்துவிடும். இன்றைய கார்களில் கம்பெனியே நைலான் குழாய் போடுகிறது. அது துருப்பிடிக்காது, எத்தனாலையும் தாங்கும், ஆனால் சைலன்சர் சூட்டுக்கு அருகில் போகக் கூடாது. இன்ஜின் தன் மவுண்டில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், அதைத் தொடும் கடைசி இரண்டடிக்கு வளைந்துகொடுக்கும் ஹோஸ் கட்டாயம்.

இணைப்புகளில்தான் பெரும்பாலான கசிவு. அமெரிக்க ராணுவ, கடற்படை விமானங்களிலிருந்து வந்த ‘ஏ.என்.’ இணைப்புகளின் வாய் 37 டிகிரி சாய்வு கொண்டது. சாதாரண ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஃபிளேரிங் டூல் 45 டிகிரிக்கானது. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் அப்போதைக்கு நிற்கும், ஓட்டத்தில் ஒழுகும். ரப்பர் ஹோஸுக்கான இணைப்பு டெஃப்லானுக்கும் பொருந்தாது.

டெஃப்லான் ஹோஸை வெட்டும்போது, வெட்டப்போகும் இடத்தில் இறுக்கமாக டேப் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னல் கம்பிகள் பிரிந்து விரலைக் குத்தும். வெட்டியபின் உள்ளே காற்றடித்துத் துகள்களை வெளியேற்றி, பின்னலுக்கும் உள்குழாய்க்கும் நடுவே சின்னப் பித்தளை வளையத்தைச் செருகி, அதன்பிறகே இணைப்பை முடுக்க வேண்டும். ஒரு கம்பி இழை வளையத்துக்குள் மாட்டிக்கொண்டாலும் கசியும்.

பொருத்தி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்தால், பம்ப் ஓடி அழுத்தம் ஏறும். அப்போது ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கார் ஓடிச் சூடேறி, ஆறியபின் இன்னொரு முறை. பின்னல் ஹோஸ் எங்கே உரசினாலும் ஒயரையும் அலுமினியத்தையும் தேய்த்துவிடும் என்பதால், ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு அதை நிறுத்திய பிறகே வண்டியை வெளியே எடுக்கிறார்கள் அனுபவமுள்ள மெக்கானிக்குகள்.