கோபத்தோடு தூங்கப் போகலாமா?

ராத்திரி சாப்பிடும்போது கணவர் சுருக்கென்று ஏதோ சொல்லிவிட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. காலையில் காபி கலக்கும்போது அதே வார்த்தை ஞாபகம் வருகிறது. ஆனால் ராத்திரி வலித்த அளவுக்கு வலிக்கவில்லை. 'பாவம், ஆபீஸ்ல என்ன டென்ஷனோ' என்றுகூடத் தோன்றுகிறது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்... தூக்கம்!

மூளையின் இரு பக்கமும் ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவத்தில் 'அமிக்டலா' என்ற பகுதி இருக்கிறது. பயம், கோபம் என்றால் முதலில் மணியடிப்பது இதுதான். அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், 35 இளைஞர்களுக்கு உணர்ச்சியைக் கிளறும் 150 படங்களைக் காட்டினார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதே படங்கள் மறுபடியும். நடுவில் தூங்கி எழுந்தவர்களுக்கு அமிக்டலாவின் ஆட்டம் அடங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. விழித்தே இருந்தவர்களுக்கு அப்படி அடங்கவில்லை. 2011-ல் வெளியான ஆய்வு இது.

காரணம்? கனவுத் தூக்கத்தின்போது நார்அட்ரினலின் என்ற பதற்ற ரசாயனம் மூளையில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த அமைதியில் மூளை நடந்ததை எடுத்துப் பார்த்து, விஷயத்தை வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் பிடுங்கிப் போடுகிறது என்பது அவர்கள் கருத்து. இந்தக் கனவுத் தூக்கம் அதிகம் வருவது பின்னிரவில்தான். பன்னிரண்டு வரை டி.வி. பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்தால், வெட்டுப்படுவது இந்தப் பங்குதான். (பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை நாலு மணிக்கே எழுப்பும் அம்மாக்கள் கவனிக்க!)

"அப்ப எந்தச் சண்டைன்னாலும் தூங்கினா சரியாயிடுமா?" அவசரப்படாதீர்கள். 2012-ல் வெளியான மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 106 பேரைச் சோதித்தார்கள். தூக்கம் கசப்பைக் குறைக்காமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்ததாகத் தெரிந்தது! விஞ்ஞானிகளுக்குள்ளேயே வழக்கு இன்னும் தீரவில்லை.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதில் இத்தனை குழப்பம் இல்லை. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்களுக்கு, கொடூரமான படங்களைப் பார்த்தபோது அமிக்டலா 60 சதவிகிதம் கூடுதலாகத் துள்ளியது என்று 2007-லேயே கண்டிருக்கிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்குச் சண்டையைப் பேசித் தீர்க்க உட்காராதீர்கள். அந்த நேரத்தில் சின்ன வார்த்தையும் பெரிதாகத்தான் படும்.

விபத்து, துர்மரணம் போன்றவற்றை நேரில் பார்த்தவர்கள் கதை வேறு. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கனவில் வந்து அலறி எழுந்தால், 'தூங்கினா மறந்துடும்' என்று வீட்டார் சமாதானம் சொல்லிப் பயனில்லை. தயங்காமல் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறப்பதற்காகக் குடிக்கிறேன் என்பவரையும் தடுத்துவிடுங்கள்... மது அந்தக் கனவுத் தூக்கத்தையே குறைத்துவிடும்.