ஐப்பசிக்கு முன் விறகைப் பாருங்கள்!

எங்கள் வானூர் பக்கம் சவுக்கு விறகுக்குப் பஞ்சமில்லை. கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்புதான். விறகை மண் தரையிலேயே சுவரை ஒட்டி அடுக்கியிருந்தேன். "மழைக்கு முன்ன உள்ள எடுத்து வையம்மா"ன்னு மாமியார் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விறகு முழுக்க நனைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சிலிண்டரும் தீர்ந்தது. குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்க ஒரு மணி நேரம் ஊதினேன். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நமக்கு மிஞ்சுவது புகைதான். இழுப்பு உள்ள மாமியார் ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மழை விட்டதும் முதல் வேலையாகப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு போட்டோம். மாதம் ஒருமுறை குழாயில் படியும் கரியைத் தட்டிவிடுகிறேன். சித்திரை வெயிலில் விறகைப் பிளந்து காய வைப்பேன். தட்டினால் 'டங்'கென்று சத்தம் வரணும். 'தொப்'பென்றால் இன்னும் ஈரம். செங்கல் மேல் கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் கரையான் ஏறுவது உடனே தெரியும். மேலே மட்டும் தார்ப்பாய். பக்கமெல்லாம் காற்றாட விடணும். அடுப்படியில் இரண்டு நாள் விறகு போதும், அதுவும் நெருப்புக்கு எட்டாமல்.

இப்போது மாமியார் அடுப்படியில் உட்கார்ந்தே கதை பேசுகிறார். சகோதரிகளே, பெரியவங்க சொல்லைத் தட்டாதீங்க!

- ஒரு வாசகி, வானூர்.