கூரைமேல் ஏற்றுமுன் கூட்டிப் பாருங்கள்

அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டியை நம்மில் பலர் கண்டிருப்போம். வைக்கோல் கனமற்ற பொருள்தான். ஆயினும், வண்டிக்காரர் அதை ஆளுயரத்துக்கும் மேலாக அடுக்கிக் கட்டிவிட்டால், வாய்க்கால் மேட்டில் ஒரு பக்கச் சக்கரம் ஏறிய அளவிலேயே வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும். அது மாடுகளின் குற்றமன்று. வைக்கோலின் குற்றமும் அன்று. பாரம் உயரத்தில் இருந்ததே குற்றம். மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை என்றோ எச்சரித்திருக்கிறார்.

மாட்டு வண்டிக்குச் சொன்ன இந்த உண்மை ஜீப்புக்கும் பொருந்தும். காடுமேடுகளில் செல்லவல்ல ஜீப் வகை வண்டிகளின் கூரைமேல் கேரியர் பொருத்தி, அதன்மேல் கூடாரம் ஒன்றை மடித்து வைத்து, மாலையில் அதை விரித்து அங்கேயே உறங்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் பரவலாகக் காணப்படுகிறது. நம் வாசகர்களுள் சிலருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் குடியேறி வாழ்கிறார்கள். விடுமுறையில் குழந்தைகளுடன் இத்தகைய பயணம் புறப்பட அவர்களும் விரும்பலாம். நல்ல விருப்பமே. ஆனால், அதற்குமுன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரை.

கூரையில் உறங்கும் கலை

இத்தாலி நாட்டின் ஆட்டோஹோம் நிறுவனம் 1958-ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கூடாரங்களைச் செய்து வருகிறது. இவற்றில் இரு வகைகள் உண்டு. ஒன்று, புத்தகத்தைப் போல மடியும் அடித்தளமும் கித்தான் துணியும் கொண்டது. ஏணியைப் பிடித்து இழுத்தால் மடிந்த பாதி விரிந்து, கித்தான் தானே எழும்பி நிற்கும். மற்றொன்று, பெட்டியைப் போல கெட்டியான மேல்மூடி கொண்டது. கைப்பிடியைச் சுழற்றியோ மேல்நோக்கித் தள்ளியோ மூடியை உயர்த்தலாம். இரண்டிலும் மெத்தை உள்ளேயே இருக்கும். துணிவகைக் கூடாரம் பெரும்பாலும் 45 முதல் 60 கிலோ வரை எடையுள்ளது. கெட்டி மூடியுள்ளது 60 முதல் 80 கிலோ வரை இருக்கும்.

இதன் வசதிகளை மறுப்பதற்கில்லை. மேடு பள்ளமான தரையிலும் ஈர மண்ணிலும் படுக்க வேண்டுவதில்லை. எறும்பு, தேள், பாம்பு ஆகியவற்றின் அச்சம் குறைகிறது. சில நிமிடங்களில் படுக்கை ஆயத்தமாகிறது. லேண்ட் ரோவர் நிறுவனமே தன் புதிய டிஃபென்டர் வண்டிக்கென ஆட்டோஹோமுடன் சேர்ந்து ஒரு கூரைக் கூடாரத்தை 2020-இல் வெளியிட்டது என்றால், இதன் செல்வாக்கை நாம் உணரலாம்.

ஓடும்போது ஒன்று, நிற்கும்போது வேறொன்று

வண்டியின் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அது வண்டி ஓடும்போது கூரைமேல் இருக்கத்தக்க எடையாகும். சில நிறுவனங்கள், வண்டி நிற்கும்போது கூரை தாங்கும் எடையையும் தனியே தெரிவிக்கின்றன. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே கூரைக்கு இரண்டு எண்கள் ஏன்?

தலையில் நீர்க்குடம் வைத்து அசையாமல் நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் எளிதாகத் தாங்குவார். அதே குடத்துடன் ஓடச் சொல்லுங்கள். வளைந்து திரும்பச் சொல்லுங்கள். சட்டென்று நிற்கச் சொல்லுங்கள். குடத்தின் எடை கூடவில்லை. ஆனால் கழுத்தின்மேல் வரும் விசை பன்மடங்காகிறது. வண்டியின் கூரைக்கும் இதே நிலைதான். பள்ளத்தில் இறங்கி எழும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள பாரம் கேரியரின் கால்களை அழுத்துகிறது, இழுக்கிறது, பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனுடன், வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, திருப்பத்தில் சாயும் இயல்பும் கூடுகிறது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புதிய டிஃபென்டர் வண்டியின் கூரை, ஓடும்போது 168 கிலோவும் நிற்கும்போது 300 கிலோவும் தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் அறிவித்துள்ளார். கேரியர் 30 கிலோ, கூடாரம் 60 கிலோ, போர்வையும் தலையணையும் 8 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 98 கிலோ. இரவில் தந்தை 75 கிலோ, தாய் 60 கிலோ, குழந்தை 20 கிலோ ஏறிப் படுத்தால் 253 கிலோ. இரு கணக்கும் எல்லைக்குள் அடங்குகின்றன.

ஆயினும் இங்கே ஒரு சிறு குறிப்பைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கரடுமுரடான பாதைக்குரிய டயர்களை அதே வண்டியில் பொருத்தினால், ஓடும்போது தாங்கும் எடை 118 கிலோவாகக் குறைகிறது. காட்டுப் பாதையில் செல்லப் போகிறவர் அந்த டயர்களைத்தானே பொருத்துவார்? ஏற்கெனவே 98 கிலோ மேலே இருக்கிறது. இருபது லிட்டர் டீசல் நிரம்பிய ஓர் இரும்புக் கேன் ஏறத்தாழ 21 கிலோ. அதையும் கேரியரில் கட்டினால் 119 கிலோ. ஒரே ஒரு கேனில் எல்லை கடந்துவிட்டது!

சிறிய வண்டிகளில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 2018-இல் வெளிவந்த சுசுகி ஜிம்னி, அகலத்தைக் காட்டிலும் உயரம் மிகுந்த வண்டி. காட்டுப் பாதையில் அதன் திறமையைப் பலரும் போற்றுகின்றனர். ஆனால் அதன் கூரைக்கு விதிக்கப்பட்ட அளவு 30 கிலோ மட்டுமே. கேரியர் 15 கிலோ என்றால், எஞ்சுவது 15 கிலோ. 45 கிலோ கூடாரத்துக்கு அங்கே இடம் ஏது? இருப்பினும் பலர் பொருத்திக்கொள்கிறார்கள். கூரை உடனே நசுங்கிவிடுவதில்லை. ஆகவே தவறில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். மாலை மங்கும் நேரத்தில் கங்காரு ஒன்று திடீரெனச் சாலையில் பாய, ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் அந்த ஒரு நொடியில்தான் மேலே ஏற்றிய எடை தன் கணக்கைக் கேட்கும். அப்போது பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் குழந்தைகள் அல்லவா?

எண்களில் சிறியதே எல்லை

கூரைக்கு ஓர் அளவு இருப்பதுபோல் கேரியருக்கும் ஓர் அளவு உண்டு. கூரை 100 கிலோ தாங்கி, கேரியர் 75 கிலோதான் தாங்குமென்றால், 75 கிலோவே நமக்கு எல்லை. கேரியர் செய்வோர் சிலர், கரடுமுரடான பாதையில் இந்த அளவையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளச் சொல்கின்றனர். அப்படியானால் 75 என்பது 50 ஆகிவிடும். கூரையின் அளவில் கேரியரின் சொந்த எடையும் அடங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் அடங்கும்.

இவற்றுக்கும் மேலாக, வண்டி முழுவதும் சுமக்கத்தக்க எடை என ஒன்றுண்டு. பெரியவர் இருவர் 135 கிலோ, குழந்தைகள் இருவர் 50 கிலோ, தொட்டியில் 80 லிட்டர் டீசல் ஏறத்தாழ 67 கிலோ, குடிநீர் 40 லிட்டர் 40 கிலோ, உணவும் பாத்திரமும் கருவிகளும் 70 கிலோ, கூரைமேல் 98 கிலோ. கூட்டினால் 460 கிலோ! வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது இது எவருக்கும் தெரிவதில்லை. அளவு கடந்த பாரத்தால் விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் எழக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

பொருத்தும் முறை

கணக்கு சரியாக வந்தபின் கருவிகளைக் கையில் எடுக்கலாம். முதலாவதாக, கேரியரின் கால்கள் எங்கே பிடிக்கின்றன என்பதை அறிய வேண்டும். பழைய ஜீப்புகளில் கூரை ஓரமாக மழைநீர் ஓடும் விளிம்பு ஒன்று இருக்கும். கால்கள் அதைக் கவ்வி நிற்கும். புதிய வண்டிகள் பலவற்றில், கூரையிலேயே போல்ட் முடுக்குவதற்கான துளைகளை மூடியிட்டு வைத்திருப்பார்கள். அந்த இடங்களையே பயன்படுத்த வேண்டும். தகட்டில் புதிதாகத் துளையிட்டால் மழைநீர் புகும், துரு பிடிக்கும்.

இரண்டாவதாக, கூடாரத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு தண்டுகள் இருக்கும். அவற்றின் பள்ளத்தில் போல்ட்டின் தலையை நுழைத்து, கேரியரின் குறுக்குத் தண்டுக்குக் கீழே தகடும் வாஷரும் வைத்து நட்டை முடுக்க வேண்டும். அதிர்வில் கழலாத வகை நட்டாக இருத்தல் நலம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் கையேட்டில் உண்டு. இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனரைக் கொண்டு அதே அளவுக்கு இறுக்குக. கைவலிமை உள்ளவரை முடுக்கினால் அலுமினியத் தண்டு நசுங்கிவிடும். தளர்வாக விட்டாலோ வழியில் கழலும்.

மூன்றாவதாக, கூடாரத்தை மேலே தூக்க மூவர் அல்லது நால்வர் வேண்டும். இருவர் மட்டும் முயன்று முதுகெலும்பை வருத்திக்கொள்ள வேண்டாம். வைத்தபின், பின்கதவு தட்டாமல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியின் புதிய உயரத்தை அளந்து, சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டுதல் நல்லது. தாழ்ந்த கூரையுள்ள வண்டி நிறுத்துமிடத்தில் நுழைந்தபின் நினைத்துப் பயனில்லை.

அலையலையான பாதையில்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி பகுதியில் கிப் ரிவர் சாலை என்றொரு பாதை உண்டு. கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கென அமைந்த அது, ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் மண் பரப்பில் வண்டிகள் ஓடியோடி, நீரலைகளைப் போன்ற வரிகள் படிந்துவிடுகின்றன. அவற்றின்மேல் ஓடும் வண்டி மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் அசையாதிருந்த நட்டு அங்கே மெல்லக் கழலும்.

ஆகவே, பொருத்தி முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி எல்லா போல்ட்டுகளையும் சோதிக்க வேண்டும். மண்பாதையில் ஒவ்வொரு நாள் காலையிலும் அதே சோதனை தேவை. பத்து நிமிட வேலைதான். கனமான பொருள்கள் யாவும் வண்டியின் அடித்தளத்திலேயே இருக்கட்டும். நீர், கருவிப் பெட்டி, உணவு டின்கள் எவையும் மேலே செல்லலாகாது. ஸ்டெப்னி சக்கரமும் அப்படியே. பக்கச் சரிவான பாதையைக் கண்டால், முன்பு கடந்த இடம்தானே என்று துணிய வேண்டாம். கூடாரம் ஏறியபின் அது பழைய வண்டியன்று.

இரவும் காலையும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் இட்ட பின்னரே ஏணியை இறக்க வேண்டும். ஏணி நெட்டுக்குத்தாகவும் இராமல், அதிகம் சரிந்தும் இராமல், தரையோடு ஏறத்தாழ 75 பாகையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க இறங்கும் குழந்தைக்கு விளக்கும் துணையும் தேவை. வட ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் உவர்நீர் முதலைகள் உள்ளன. கூடாரம் உயரத்தில்தானே இருக்கிறது என்று எண்ணாமல், நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியே தங்க வேண்டும்.

கூடாரத்தினுள் அடுப்பும் கரிக்கணப்பும் ஒருபோதும் கூடாது. மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு, உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிராயினும் காற்றுப் போக்கிகளைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். உறங்குவோரின் மூச்சில் வெளிவரும் ஈரம் மெத்தையின் அடியில் படியும். கித்தானை ஈரத்துடன் மடிக்க நேர்ந்தால், அடுத்த நாளே விரித்து உலர்த்துக. இன்றேல் பூஞ்சணம் பிடிக்கும்.

கணக்கு ஒத்து வராவிட்டால்?

அப்போது தயங்காமல் கூரைக் கூடாரத்தைக் கைவிட வேண்டும். தரையில் அடிக்கும் கூடாரம் இருக்கவே இருக்கிறது. அதன் எடை குறைவு, விலையும் குறைவு, வண்டிக்குள் தாழ்வாகவே பயணம் செய்யும். நண்பர் வைத்திருக்கிறார் என்பதும், கடைக்காரர் தாங்கும் என்று சொன்னார் என்பதும் கையேட்டின் எண்ணை மாற்றிவிடா.

அன்பர்களே, அயல்நாட்டில் வாழும் உங்கள் மகனோ மருமகனோ, ஜீப்பின்மேல் கூடாரம் பொருத்தி விடுமுறைக்குப் புறப்படுகிறோம் என்று படம் எடுத்து அனுப்பினால், மகிழ்ந்து வாழ்த்துங்கள். அத்துடன், "எல்லாவற்றையும் ஏற்றி, எல்லாரும் ஏறி அமர்ந்து, ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பார்த்தாயா, தம்பி?" என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, எடை போட்ட பிறகே புறப்படச் சொல்லுங்கள்.